எல்லாரும் தோற்கிற வகுப்பு

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கும் தமிழர்களிடம் “ஜப்பானிய மொழி எவ்வளவு வரும்?” என்று கேட்டுப் பாருங்கள். “கடையில சமாளிச்சிடுவேன்” என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த காலத்தில் பொறியாளர்களாக வந்திறங்கியவர்களைத் தொட்டு, இந்தப் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. மளிகைக் கடை இருக்கிறது, இந்தியப் பள்ளிக்கூடம் இருக்கிறது, தோசை கிடைக்கிறது. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். வருஷக்கணக்காக இருந்தும், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் குப்பை எடுக்கும் நாள் மாறிவிட்டதா என்று கேட்க வாய் வராதவர்கள் நிறையப் பேர். சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அன்றாடம் மொழி இல்லாமலே ஓடிவிடுகிறது, அவ்வளவுதான்.

நான் முதலில் காசு கட்டித்தான் படித்தேன். மொழிப் பள்ளிகளில் பெரும்பாலும் தேர்வுதான் இலக்கு. ஜேஎல்பிடி என்று எல்லாரும் சொல்லும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010 முதல் என்5இலிருந்து என்1 வரை ஐந்து படிகள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். வேலை தேட உதவும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம். சரியான விடையைத் தேர்ந்து வட்டத்தைக் கறுப்பாக்கினால் முடிந்தது. அதனால் அந்தத் தேர்வைக் குறிவைத்த வகுப்பில் ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு பயிற்சித் தாளை முடிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஒரு பருவம் முடிந்துவிடும்.

என்னைப் பேசவைத்தது வேறொரு வகுப்பு. வட்டாரச் சமூகக் கூடத்தில் வாரம் ஒரு மாலை நடப்பது. இந்த மாதிரி வகுப்புகள் ஜப்பான் முழுக்க உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்த இல்லத்தரசிகள், கம்பெனியில் முப்பது நாற்பது வருஷம் உழைத்துவிட்டு வீட்டில் உட்காரப் பிடிக்காதவர்கள் எனப் பலரும் தன்னார்வலர்களாக வந்து சொல்லித் தருவார்கள். கட்டணம் இருக்காது, இருந்தாலும் டீக்காசு அளவுதான். 2019இல் வந்த ஜப்பானிய மொழிக் கல்வி ஊக்குவிப்புச் சட்டம், வெளிநாட்டவருக்கு மொழி கற்க வழி செய்வதை அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஒரு பொறுப்பாகவே வைத்திருக்கிறது. ஆனால் மாலை ஏழு மணிக்கு மேசைகளை இழுத்துப் போடுவதென்னவோ இந்தத் தாத்தா பாட்டிகள்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு நேபாளத் தம்பி, வியட்நாமிலிருந்து வந்த இரண்டு பெண்கள், சீனத்து அக்கா ஒருவர், பிரேசில்காரர் ஒருவர், அப்புறம் நான். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். யாருக்கும் இன்னொருவர் மொழி தெரியாது. ஆங்கிலமும் பாதிப் பேருக்கு வராது. வேறு வழியில்லாமல் ஜப்பானிய மொழியில்தான் பேசியாக வேண்டும். இது ஒரு பெரிய வசதி. ஆனால் வசதி இருந்தும் பல வகுப்புகள் தூங்கி வழிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வகுப்பு தூங்காததற்குக் காரணம், அதை நடத்தும் சென்செய் (ஆசிரியர்) விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை.

குழந்தை ஒரு விளையாட்டில் தோற்றால் அழுதுவிட்டு மறுபடி ஆடும். பெரியவர் தோற்றால் சிரித்து மழுப்பிவிட்டு, அடுத்த வாரம் “ஆபீஸ்ல வேலை” என்று நின்றுவிடுவார். ஊரில் மேலாளராக இருந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கடை வைத்து நடத்தியவர் என எல்லாருமே ஏதோ ஒன்றில் கெட்டிக்காரர்கள். மூன்று வயதுப் பிள்ளையின் மொழியோடு நாலு பேர் முன்னால் நிற்பது அவர்களுக்குச் சும்மா இல்லை. அதனால் எப்போதும் ஒரே ஆள் ஜெயிக்கிற விளையாட்டு பெரியவர் வகுப்பைக் கொன்றுவிடும். யார் வேண்டுமானாலும் தோற்கலாம், சொல்லித் தருபவரும் தோற்கலாம் என்றிருந்தால்தான் கூட்டம் கலையாமல் நிற்கும். எனக்குப் பிடித்த விளையாட்டுகள் எல்லாமே இந்த வகைதான்.

முதலில் “இட்சு, தோகோ தே, தரே கா, நானி ஒ ஷித்தா”. எப்போது, எங்கே, யார், என்ன செய்தார். ஜப்பானியப் பிள்ளைகள் ஆடும் சீட்டு விளையாட்டு. நாலு பெட்டி, ஆளுக்கு நாலு துண்டுச் சீட்டு. ஒரு சீட்டில் ஒரு காலம், இன்னொன்றில் ஓர் இடம், மூன்றாவதில் ஓர் ஆள், நாலாவதில் ஒரு செயல். எழுதிப் போட்டுக் குலுக்கி, பெட்டிக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒருநாள் வந்தது இது: “கினோ நோ யோரு, ஒஃபுரோ தே, ஷச்சோ கா, நெக்குத்தாய் ஒ தபெமஷித்தா.” நேற்று ராத்திரி, குளியல் தொட்டியில், கம்பெனி முதலாளி, டையைச் சாப்பிட்டார். நேபாளத் தம்பி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான்.

இதில் திறமைக்கு வேலையே இல்லை. ஹிரகானா என்ற அடிப்படை எழுத்து மட்டும் தெரிந்தவரும் “காலையில்” என்று ஒரு சீட்டு எழுதிப் போடலாம். மொழி நன்றாக வருபவரின் நீளமான வாக்கியத்தை விட, நேற்றுச் சேர்ந்தவரின் ஒற்றைச் சொல் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும். தமிழருக்கு இதில் கூடுதலாக ஒரு சுகம் உண்டு. ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். முதலாளி என்ன ஆனார் என்று கடைசிச் சீட்டு வரை காத்திருப்பது நமக்குப் பழக்கமான காத்திருப்பு. பிரேசில்காரருக்கு அது பொறுக்காது. “அப்புறம் என்ன, அப்புறம் என்ன” என்று அவருடைய மொழியிலேயே முனகுவார்.

சிரித்து முடித்ததும் சென்செய் விடமாட்டார். “நசெ தெசு கா?” ஏன்? வாக்கியம் எடுத்தவர்தான் காரணம் சொல்ல வேண்டும். முதலாளிக்குப் பசி. சரி, குளிக்கும்போது எதற்கு டை கட்டியிருந்தார்? மற்றவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். “பசித்ததால்” என்று நாம் கடைசியில் ஒட்டுவதைப் போலவே அவர்களும் “கரா” என்று கடைசியில் ஒட்டுகிறார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் பயிற்சியாக இருந்த அந்தக் “கரா”, இங்கே முதலாளியின் மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் தானாக வாயில் வந்துவிடும்.

அடுத்தது ஷிரித்தோரி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அந்தாதியும் பாட்டுக்குப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விதியை விளக்கவே வேண்டாம். சகுரா, ராஜியோ, ஒனிகிரி, ரிங்கோ, கோமா என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பொறி: “ன்” என்று முடியும் சொல்லைச் சொன்னவர் அவுட். ஜப்பானிய மொழியில் அந்த எழுத்தில் தொடங்கும் சொல் கிடையாது.

இந்தப் பொறியில் யார் விழுவார்கள் தெரியுமா? சொல்வளம் உள்ளவர்கள். சீனத்திலிருந்து வந்த சொற்களில் பல “ன்” என்றுதான் முடியும். நூலகம் தொஷொகான், மருத்துவமனை ப்யோஇன், பூங்கா கோஎன், செய்தித்தாள் ஷிம்புன். எங்கள் சீனத்து அக்கா வேகமாக வாயைத் திறந்து அவுட்டானதுபோல வேறு யாரும் ஆனதில்லை. அதைவிடப் பெரிய எதிரி பசி. வகுப்பு சாப்பாட்டு நேரத்தில் நடக்கிறது. வாயில் வருவதெல்லாம் கொஹான், பான், ராமென், உதோன், மிக்கான். எல்லாம் “ன்”.

கொஞ்சம் தேறியவர்களுக்கு ஒரு போர்முறையும் உண்டு. “ரு” என்று தொடங்கும் சொற்கள் குறைவு. அதனால் எதிராளிக்கு எப்போதும் “ரு” கொடுப்பது. சரு என்றால் குரங்கு, ஹரு என்றால் வசந்தம், யோரு என்றால் இரவு. அடிமேல் அடி. ஆனால் ஆங்கிலத்திலிருந்து வந்த “ரூரு” என்ற சொல் தெரிந்தவர் அந்த அடியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். விதி என்று பொருள். தொடங்குவதும் “ரு”, முடிவதும் “ரு”. வியட்நாம் பெண் ஒருத்தி இதைச் சென்செய்யிடமே பிரயோகித்துவிட்டாள். சென்செய் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு “மகெமஷித்தா” என்றார். தோற்றுவிட்டேன்.

ஷிரித்தோரியை அப்படியே ஆடினால் சொற்பட்டியல் ஒப்பிப்பதாக முடிந்துவிடும் என்பதும் உண்மை. எங்கள் வகுப்பில் சொல்லைச் சொன்னதும் அதை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். வேகம் குறையும், பேச்சு கூடும்.

ஜனவரியில் கருத்தா அட்டைகள் வெளியே வரும். “கருத்தா” என்பது 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். அட்டை என்று பொருள். பிரேசில்காரருக்கு அதில் ஒரு பெருமை. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் தரையில் பரப்பிய அட்டைகளில் சரியானதைத் தட்டி எடுக்க வேண்டும். முதலில் சிறுவர்களுக்கான படம் போட்ட அட்டைகள். அப்புறம் ஹ்யாகுனின் இஷ்ஷு. நூறு கவிஞர்களின் ஆளுக்கொரு கவிதை. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா தொகுத்தவை என்பார்கள். கவிதையின் முன்பாதியை வாசிப்பார்கள், பின்பாதி எழுதிய அட்டையை எடுக்க வேண்டும். ஷிகா மாநிலத்தில் ஓமி ஜிங்கு கோயிலில் ஜனவரி தோறும் இதற்குப் பெரிய போட்டி நடக்கிறது.

பழைய ஜப்பானிய மொழிக் கவிதையைப் புதிதாகப் படிப்பவர்களிடம் கொடுப்பது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த மொழி தன்னார்வலர்களுக்கே பாதிதான் புரியும். அங்கேதான் ஆட்டம் சமமாகிறது. காதுதான் வேலை செய்ய வேண்டும். முதல் எழுத்தைக் கேட்டதுமே இன்ன கவிதை என்று அடையாளம் கண்டுவிடக்கூடியவை ஏழு உண்டு: மு, சு, மெ, ஃபு, சா, ஹோ, செ. நூறு கவிதையும் தெரிய வேண்டாம். “மு” என்று காதில் விழுந்தால் “கிரி” என்று தொடங்கும் அட்டையின் மேல் பாய வேண்டும், அது ஒன்று தெரிந்தால் போதும். அந்த ஒரே ஓர் அட்டையை மட்டும் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த அறுபது வயதுக்காரரை முந்தி எடுப்பதில் உள்ள மகிழ்ச்சியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. (குறளை இப்படி முன்னடி, பின்னடியாக வெட்டி அட்டை செய்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நான்தான் தோற்றேன்.)

நாப்பிறழ்ச் சொற்றொடர்களுக்கு இங்கே ஹயகுச்சி கொதொபா என்று பெயர். “நமமுகி நமகொமெ நமதமகோ”: பச்சைக் கோதுமை, பச்சரிசி, பச்சை முட்டை. மூன்று தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஜப்பானியர்களே தடுக்கி விழுவார்கள். பதிலுக்கு நான் “ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி” கற்றுக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அதை வாரக்கணக்கில் பயிற்சி செய்துகொண்டு வந்தார். “ழ” மட்டும் கடைசிவரை வசப்படவில்லை.

உச்சரிப்புக்கு இன்னொன்று உண்டு, அதற்கு எழுந்து நடக்க வேண்டும். தரையில் ஒட்டுநாடாவால் கிளைவழிகள் போட்டிருக்கும். சென்செய் ஒரு சொல் சொல்வார். “பிரு” என்றால் இடப்பக்கம், “பீரு” என்றால் வலப்பக்கம். கட்டடமா, பீரா? “ஒபசான்” அத்தை, “ஒபாசான்” பாட்டி. குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த நமக்கு இதெல்லாம் தூசு. “கிதெ”, “கித்தெ” என்று ஒற்று வந்தாலும் அப்படியே. மற்றவர்கள் தப்பான முனையில் போய் நிற்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போது சென்செய் “க”வின் இரண்டு ஒலிகளுக்கு வருவார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு முதல் ஒலி அழுத்தமா, அதிர்வா என்பது மட்டும்தான். தமிழில் எழுதினால் இரண்டுமே “கின்”. நம் ஆட்கள் எல்லாரும் அங்கே வழி தவறுவோம். இப்படித் தோற்க ஆளுக்கொரு முறை வரும்.

இவை எல்லாவற்றையும் விட நான் உயர்வாக நினைப்பது “யசஷீ நிஹோங்கோ”, அதாவது எளிய ஜப்பானியம். இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1995 ஜனவரி 17இல் கோபே பகுதியைக் குலைத்த பெரும் நிலநடுக்கத்தில், அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்தார்கள். அதன் பிறகு ஹிரோசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, ஆபத்து நேரத்தில் எல்லாருக்கும் புரியும்படி சொல்வது எப்படி என்று வகுத்தார்கள். “தகதாய் நி ஹினான்” என்று சொன்னால் புதிதாக வந்தவருக்கு ஒன்றும் விளங்காது. “தகாய் தொகொரோ நி நிகெதெ” என்றால் விளங்கும்: உயரமான இடத்துக்கு ஓடுங்கள்.

இதை விளையாட்டாக்கினால் மாணவர்கள்தான் நடுவர்கள். ஒரு தன்னார்வலர் கையில் வட்டார அலுவலகத்து அறிவிப்பு ஒன்றைக் கொடுப்பார்கள். அவர் அதை எளிதாக்கி எங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கையில் சிவப்பு அட்டை. புரியாத சொல் வந்தால் உடனே தூக்கிவிட்டு, “அது என்ன?” என்று ஜப்பானிய மொழியில் கேட்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மரியாதை மொழியில் அலுவலகக் கடிதம் எழுதிப் பழகியவர் ஒருவர் எழுந்து நின்றார். “தொசொகு கென்கின்” என்று ஆரம்பித்தார். நாலு சிவப்பு அட்டை. வேறு மாதிரி சொன்னார், மறுபடி மூன்று. நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடைசியில் “குத்சு ஒ நுயிதெ குதசாய்” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். கைதட்டினோம்.

தலையாட்டிப் பழகிய நமக்கு இது கொடுக்கும் பயிற்சி சாதாரணமில்லை. புரியாவிட்டாலும் “ஹாய், ஹாய்” (ஆமாம், ஆமாம்) என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து கூகுளில் தேடுவதுதான் இங்கே நம்மவர்களின் வழக்கம். சிவப்பு அட்டையைத் தூக்கிப் பழகிய பிறகு, மருத்துவமனை வரவேற்பில் “இன்னொரு தடவை, கொஞ்சம் எளிதாக” என்று கேட்கக் கூச்சம் போய்விட்டது. செப்டம்பர் 1 பேரிடர்த் தடுப்பு நாள். 1923ஆம் ஆண்டின் பெரும் கான்தோ நிலநடுக்கம் நடந்த தேதி. அந்த வாரம் வகுப்பு முழுக்க இதுதான்.

பிப்ரவரியில் செத்சுபுன் என்ற பண்டிகை வரும், பெரும்பாலும் 3ஆம் தேதி. பூதத்தை விரட்டப் பயறு வீசிவிட்டு, அவரவர் வயதின் எண்ணிக்கைக்குப் பயறு தின்ன வேண்டும். எண்கள் சொல்லிப் பழக நல்ல வழி. வயதைச் சொல்ல மனமில்லாதவர்கள் குறைத்துத் தின்பார்கள்.

எல்லாம் பலிக்கிறது என்று சொல்லமாட்டேன். கரோக்கே நல்ல பொழுதுபோக்கு. 1971இல் கோபேயில் இனோயே தாய்சுகே உருவாக்கிய பெட்டி உலகத்தையே பாடவைத்தது. வகுப்பாகப் போனோம். பாடுகிறவர்கள் பாடினார்கள், கூச்சப்படுகிறவர்கள் நொறுக்குத் தீனியைத் தின்றார்கள். கான்ஜி என்ற சீன எழுத்துகளை எழுதும் ஓட்டப் போட்டி இன்னும் மோசம். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 2136 கான்ஜி இருக்கின்றன. சீனத்து அக்காவுக்கு அவற்றில் பெரும்பகுதி கண்ணை மூடிக்கொண்டு வரும். அவர் முடித்துவிட்டு நகம் பார்ப்பார், மற்றவர்கள் முதல் கோட்டில் நிற்போம். செல்பேசியில் பதில் தட்டி, யார் முதலிடம் என்று திரையில் காட்டும் வினாடிவினாவும் இதே ரகம். இரண்டு வாரம் சுவாரசியம், மூன்றாம் வாரம் கடைசி இடத்துக்காரர் வரமாட்டார்.

சென்னையில் படிப்பவர்கள் என் நிலைமை வேறு என்பார்கள். உண்மைதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வந்த பிறகு பெரியவர்கள் பலர் வேலைக்காகவே படிக்கிறார்கள். அங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியும், விளையாட்டு சூடு பிடித்ததும் எல்லாம் தமிழுக்குத் தாவிவிடும். ஜப்பானிய மொழி பேசினால்தான் ஆட்டமே நகரும் என்கிற மாதிரி விதி இருக்க வேண்டும். இருவர் முதுகோடு முதுகு உட்கார்ந்து, ஒருவர் படத்தைச் சொல்லச் சொல்ல மற்றவர் வரைவது ஒரு வழி. அதே சமயம் தமிழ் தெரிந்தவர்கள் கூடியிருப்பதில் ஒரு லாபமும் உண்டு. “தபெதெ மிரு” என்றால் சாப்பிட்டுப் பார். “கைதெ ஒகு” என்றால் எழுதி வை. துணைவினை அப்படியே நம்முடையது. ஒருவர் நடித்துக் காட்ட, போட்டுப் பார்த்தாரா, போட்டுக்கொண்டே இருக்கிறாரா, போட்டுத் தொலைத்துவிட்டாரா என்று மற்றவர்கள் ஜப்பானிய மொழியில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் தமிழர் கூட்டத்தைப் பார்த்தால் எங்கள் பிரேசில்காரருக்கு வயிறெரியும்.

ஜப்பானில் இருப்பவர்கள் வகுப்பு தேட வட்டார அலுவலகத்திலோ, அங்குள்ள பன்னாட்டுப் பரிமாற்றச் சங்கத்திலோ கேளுங்கள், பட்டியல் கொடுப்பார்கள். உடனே சேர வேண்டாம். “கெங்கக்கு ஷிதெ மோ ஈ தெசு கா” என்று கேட்டால் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். பாதி நேரம் போயும் சென்செய்யின் குரல் மட்டுமே கேட்டால் அடுத்த வகுப்பைப் பாருங்கள். ஒரே ஆள் மூன்று முறை ஜெயித்தாலும் அப்படியே. குழந்தையைக் கூட்டிவரலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், சில இடங்களில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். அப்புறம், பல கூடங்களில் பாய் விரித்த அறைதான் கிடைக்கும், செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.